டிரைவரில் "ஃப்ரேம் அளவு 2048 பைட்டைத் தாண்டுகிறது" எச்சரிக்கை: வரம்பை ஏற்றிவிடலாமா, கோடைத் திருத்த வேண்டுமா?

#1 சென்சார்_சரவணன்

எல்லாருக்கும் வணக்கம். 64-பிட் ஆர்ம் போர்டு ஒன்றில் ஓடும் கேமரா சென்சார் டிரைவரை லினக்ஸ் 6.6-க்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். டிரைவர் நான் எழுதியதல்ல, சிப்போடு சேர்ந்து வந்தது. கம்பைல் செய்தால் ஐஓசிடிஎல் ஃபங்ஷனுக்கு (யூசர் புரோகிராம் டிவைஸுக்குக் கட்டளை அனுப்பும் வழி) ஒரே ஓர் எச்சரிக்கை: ஃப்ரேம் அளவு, அதாவது அந்த ஃபங்ஷன் தன் லோக்கல் வேரியபிள்களுக்காக ஸ்டாக் மெமரியில் பிடிக்கும் இடம், 2416 பைட், வரம்பு 2048.

டீமில் மூத்தவர் ஒருவர், "கெர்னல் கான்ஃபிக்கில் ஃப்ரேம் வார்ன் எண்ணை 4096 ஆக்கிவிடு, வேலை முடிந்தது" என்கிறார். போர்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ஆனால் எச்சரிக்கையை அடக்குவதற்கும் பிரச்சினையைத் தீர்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதே என்று உறுத்துகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

#2 பழையபெஞ்சு

எண்ணை ஏற்றாதே தம்பி.

64-பிட் ஆர்மில் ஒரு த்ரெட்டுக்குக் கெர்னல் ஸ்டாக் 16 கேபி. யூசர் ஸ்பேஸில் வழக்கமாக 8 எம்பி வரை ஸ்டாக் தானாக வளரும், இங்கே ஒரு பைட்கூட வளராது. சிஸ்டம் கால் உள்ளே நுழைந்ததிலிருந்து ஹார்டுவேரைத் தொடுகிற வரைக்கும் எத்தனை ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று கூப்பிட்டாலும் அத்தனையும் அந்த 16 கேபிக்குள்தான் அடங்க வேண்டும். உன் ஃபங்ஷன் ஒன்று மட்டும் அதில் ஏழில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே ஐ2சி (சென்சாரோடு பேசும் பஸ்) கோர், பஸ் டிரைவர், கிளாக், ரெகுலேட்டர் என்று இன்னும் யார் யாரோ வர வேண்டும்.

2048 என்பது 64-பிட்டுக்கு இயல்பாக வைத்த வரம்பு. 32-பிட்டில் பெரும்பாலும் 1024. அதுவே தாராளம்தான். மெயின்லைனில் (அதிகாரபூர்வக் கெர்னலில்) 500 பைட்டைத் தாண்டினாலே ரிவ்யூவில் கேள்வி கேட்கிறவர்கள் உண்டு.

அந்த ஃபங்ஷனில் என்னென்ன லோக்கல் வேரியபிள்கள் இருக்கின்றன என்று எழுது, பார்ப்போம்.

#3 சென்சார்_சரவணன்

பார்த்தேன் அண்ணா. பெரிதாக இருப்பவை இவை: சென்சாருக்கு ஃபர்ம்வேரைத் துண்டு துண்டாக அனுப்ப 1024 பைட் பஃபர். 180 ரிஜிஸ்டர் மதிப்புகள் கொண்ட அட்டவணை, ஒவ்வொன்றும் 4 பைட், ஆக 720. இதற்கு கான்ஸ்ட் என்று போட்டிருக்கிறார்கள். அப்புறம் ஸ்விட்சின் மூன்று கேஸ்களுக்குள் தனித்தனி பிரேஸ் போட்டு ஆளுக்கொரு ஸ்ட்ரக்ட், ஒவ்வொன்றும் 200 பைட் பக்கம்.

#4 சிப்செட்சித்ரா

மூன்றுக்கும் மூன்று வேறு வைத்தியம்.

அட்டவணைதான் சுலபம். ஃபங்ஷனுக்குள் வெறும் கான்ஸ்ட் என்று அறிவித்தால் அது இன்னும் லோக்கல் அரேதான். ஒவ்வொரு முறை ஃபங்ஷன் கூப்பிடப்படும்போதும் கம்பைலர் அந்த 720 பைட்டையும் ஸ்டாக்கில் புதிதாக நிரப்பும். முன்னால் ஸ்டாட்டிக் என்று ஒரு சொல் சேருங்கள். அட்டவணை படிக்க மட்டுமான டேட்டா பகுதிக்குப் போய்விடும், ஸ்டாக்கில் பூஜ்யம், கோடும் கொஞ்சம் சுருங்கும். கெர்னலுக்கு இந்த ஒரு சொல்லைச் சேர்க்கும் பேட்ச்கள் வருஷா வருஷம் வந்துகொண்டேயிருக்கின்றன.

மூன்று ஸ்ட்ரக்ட் விஷயத்தில் கொஞ்சம் சூட்சுமம் இருக்கிறது. தனித்தனி பிரேஸ் இருப்பதால் மூன்றும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் என்று நினைப்போம். பல நேரம் பகிரும், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. கேசான் (மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கருவி) போட்டு பில்டு செய்தால் ஒவ்வொன்றுக்கும் தனி இடம்தான், சுற்றிலும் காவல் பைட்டுகள் வேறு. ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் இரண்டும் இதில் ஒரே மாதிரி நடந்துகொள்வதுமில்லை. ஒவ்வொரு கேஸையும் தனி ஃபங்ஷன் ஆக்குங்கள். அது மட்டும் போதாது: ஒரே இடத்திலிருந்து கூப்பிடப்படும் ஸ்டாட்டிக் ஃபங்ஷனைக் கம்பைலர் தானாகவே இன்லைன் செய்து (கூப்பிடும் ஃபங்ஷனுக்குள்ளேயே அதன் கோடைப் பதித்து), பழையபடி எல்லாவற்றையும் ஒரே ஃப்ரேமில் கொட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் கெர்னலில் "நோஇன்லைன் ஃபார் ஸ்டாக்" என்ற குறி இருக்கிறது. வெறும் நோஇன்லைனும் அதே வேலையைச் செய்யும். ஆனால் இந்தப் பெயரைப் போட்டால் பின்னால் படிப்பவருக்கு ஏன் போட்டோம் என்று தெரியும், வேகத்துக்காக யாரும் அதை எடுத்துவிட மாட்டார்கள்.

1024 பஃபரைக் கே-மல்லாக்குக்கு (கெர்னல் ஹீப்பிலிருந்து மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) மாற்றுங்கள். டிஎம்ஏவுக்கு (சிபியு வழியாக அல்லாமல் ஹார்டுவேரே மெமரியைப் படித்து எழுதுவது) போகிற பஃபர் ஸ்டாக்கில் இருக்கவே கூடாது என்பது தனிக் காரணம்.

#5 ரேம்_மலிவு

எனக்கு இந்தப் பக்தி புரிவதில்லை. 8 ஜிபி ரேம் உள்ள போனில் உட்கார்ந்து 700 பைட்டுக்கு அழுகிறோம். கே-மல்லாக் என்றால் தோல்வியைச் சரிபார்க்க வேண்டும், ஒவ்வொரு வெளியேறும் வழியிலும் விடுவிக்க வேண்டும், அதில் ஒன்றை மறந்தால் மெமரி லீக். ஸ்டாக்கில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. 16 கேபியை 32 ஆக்கிவிட்டு எல்லாரும் நிம்மதியாக இருக்கலாமே?

#6 பழையபெஞ்சு

இந்த வாதம் நான் கெர்னல் படிக்க ஆரம்பித்த காலத்திலிருந்தே நடக்கிறது.

32-பிட் எக்ஸ்86-இல் 8 கேபி இருந்தது. 2.6 தொடரின் ஆரம்பத்தில், 2004 வாக்கில், அதை 4 கேபியாகக் குறைக்கும் விருப்பத்தைக் கொண்டுவந்தார்கள். 8 கேபி என்றால் அடுத்தடுத்த இரண்டு பேஜ்கள் (4 கேபி மெமரித் துண்டுகள்) வேண்டும். நாள்கணக்கில் ஓடி மெமரி துண்டுதுண்டான மெஷினில் அடுத்தடுத்து இரண்டு கிடைக்காமல், ரேம் காலியாக இருந்தும் புது த்ரெட் உருவாக்க முடியாமல் போகும். 4 கேபிக்கு ஒரு பேஜ் போதும். ஃபெடோரா அதைத் துணிந்து போட்டது. இன்டரப்டுக்குத் தனி ஸ்டாக்கும் கூடவே வந்தது, அது மட்டும் நல்ல காரியம். ஆனால் விண்டோஸ் வைஃபை டிரைவரை லினக்ஸில் ஓட்டும் என்டிஸ்ராப்பர் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல, அந்த டிரைவர்கள் 12 கேபி ஸ்டாக்கை நம்பி எழுதப்பட்டவை. எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தை ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்ப்பது) மேல் வைத்தவர்களும் விழுந்தார்கள். 2010-இல் அந்த விருப்பத்தையே எடுத்துவிட்டார்கள்.

64-பிட்டில் 8 கேபியாக இருந்ததை 16 ஆக்கியது 2014-இல், லினக்ஸ் 3.15 வெளியாகும் தறுவாயில். மின்சான் கிம் கொடுத்த பேட்ச். விர்ச்சுவல் மெஷினுக்குள் மெமரி நெருக்கடியில் ஸ்வாப் (ரேமில் இருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளுவது) ஓடும்போது விர்ட்ஐஓ (விர்ச்சுவல் டிஸ்க்) டிரைவரில் போய் ஸ்டாக் தீர்ந்தது. அந்த டிரேஸை (விழுந்த நேரத்தில் பதிவான கால் வரிசை) தேடிப் படியுங்கள். சரவணன் டிரைவரைப் போல 2 கேபி விழுங்கியவர் அதில் யாருமே இல்லை. சின்னச் சின்ன ஃப்ரேம்கள்தான், ஆனால் வரிசை மிக நீளம்: மெமரி கேட்கப் போய், மெமரி மீட்பில் நுழைந்து, ஸ்வாப்புக்கு எழுதப் போய், பிளாக் லேயரைக் கடந்து, விர்ட்ஐஓவுக்குள் மறுபடியும் மெமரி கேட்டு... லைனஸ் டோர்வால்ட்ஸுக்கே அளவை ஏற்றுவதில் உற்சாகம் இல்லை. வேறு வழியில்லாமல்தான் ஏற்றுக்கொண்டார்.

32 ஆக்குவதற்கு வருகிறேன். 10,000 த்ரெட் ஓடும் சர்வரில் 16 கேபி என்றால் சுமார் 156 எம்பி. இரட்டித்தால் இன்னொரு 156 எம்பி, ஸ்வாப்பும் செய்ய முடியாத மெமரி. போனில் வலிக்காது, டேட்டா சென்டரில் வலிக்கும். பெரிய மெஷினில் ஸ்டாக் தேவையும் கூடும் என்பது இன்னொரு பக்கம். சிபியு மாஸ்க்கை எடுத்துக்கொள்: ஒரு சிபியுவுக்கு ஒரு பிட். 8192 சிபியு வரை ஆதரிக்கும்படி கெர்னலைக் கட்டினால், ஒரே ஒரு மாஸ்க்கை லோக்கல் வேரியபிளாக அறிவித்த உடனே 1 கேபி போய்விடும். அதனால்தான் 2008 வாக்கில் உட்கார்ந்து, மாஸ்க்கை ஸ்டாக்குக்கு வெளியே ஒதுக்கும் தனி டைப்பைக் கொண்டுவந்து, ஊர் முழுக்கக் கோடை மாற்றினார்கள்.

#7 பிளாக்லேயர்_பாலா

பெஞ்சு சொன்ன 2014 டிரேஸில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் ஃபங்ஷன் எவ்வளவு எடுக்கிறது என்று மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்த மாதிரி. அது எத்தனையாவது ஆழத்தில் கூப்பிடப்படுகிறது என்பதுதான் பெரிய கேள்வி. சிஸ்டம் காலிலிருந்து ஐந்தாறு ஃபங்ஷன் தள்ளி இருக்கும் ஐஓசிடிஎல்லில் 400 பைட் ஒன்றும் செய்யாது. அதே 400 பைட் பிளாக் டிரைவரின் அடியில் இருந்தால் மெஷினை விழவைக்கும்.

எங்கள் பகுதியில் ஃப்ரேமைச் சுருக்குவதைவிட வரிசையை வெட்டுவதில்தான் பெரிய பலன் கிடைத்திருக்கிறது. எல்விஎம் மேல் ரெய்டு, ரெய்டு மேல் என்கிரிப்ஷன் என்று அடுக்கினால் முன்பெல்லாம் ஒவ்வோர் அடுக்கும் கீழ் அடுக்குக்கான ரிக்வெஸ்ட்டை நேரடியாகக் கூப்பிடும், அடுக்குக்கு அடுக்கு ஸ்டாக் இறங்கும். 2007-இல் நீல் பிரவுன் இதை மாற்றினார்: ஒரு த்ரெட் ஏற்கெனவே ரிக்வெஸ்ட் அனுப்பிக்கொண்டிருந்தால், புதிதாக வருவதை அந்த த்ரெட்டின் பட்டியலில் சேர்த்துவிட்டு உடனே திரும்பிவிடும். மேலே இருக்கும் லூப் ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பும். பத்து அடுக்கு இருந்தாலும் ஒரே ஆழம்.

சிம்லிங்க்கும் (வேறொரு ஃபைலைக் காட்டும் லிங்க்) இதே கதை. ஒரு லிங்க் இன்னொரு லிங்க்கைக் காட்ட, அது இன்னொன்றைக் காட்ட, ரிகர்ஷனில் போய்க்கொண்டிருந்தது. அதனால் உள்ளடுக்குக்கு 8 என்று வரம்பு. 2015-இல், 4.2-இல், அல் வைரோ அதை லூப்பாக மாற்றி எழுதினார். இடைநிலை விவரங்களை வைக்கச் சின்ன இடம் ஸ்டாக்கில், அது போதாவிட்டால் மட்டும் ஹீப்பில். 8 என்ற வரம்பு போய்விட்டது, மொத்தம் 40 என்பது மட்டும் மிச்சம்.

எக்ஸ்எஃப்எஸ் இன்னும் வேடிக்கை. ஆழமான இடத்தில் இடம் ஒதுக்க வேண்டி வந்தால் வேலையையே வொர்க்கியூவுக்கு (வேறு த்ரெட் எடுத்துச் செய்யும் வேலை வரிசை) தள்ளிவிட்டுக் காத்திருக்கும். வேறு த்ரெட், புத்தம் புது ஸ்டாக். அழகான தீர்வு என்று சொல்ல மாட்டேன், கான்டெக்ஸ்ட் ஸ்விட்சுக்கு விலை உண்டு. ஆனால் வேலை செய்தது. அதற்கும் முன்பு, 3.2-இல், மெமரி கேட்ட த்ரெட்டே நேரடியாக மீட்பில் இறங்கும்போது ஃபைல் சிஸ்டத்துக்குள் போய் எழுதுவதை மெல் கார்மன் நிறுத்தினார். ஸ்டாக் வழியாகச் செத்த பல மெஷின்கள் பிழைத்தது அதனால்தான் என்பது என் கட்சி.

#8 மூன்றாமாண்டு_மாணவன்

ஒரு சின்னச் சந்தேகம் அண்ணா. 1024 பைட் பஃபருக்கும் ஸ்டாட்டிக் என்று போட்டால் என்ன? ஸ்டாக்கும் மிச்சம், கே-மல்லாக்கும் வேண்டாம். காலேஜில் எக்ஸ்வி6 படிக்கிறோம், அதில் ஒரு பிராசஸுக்கு 4096 பைட்தான் கெர்னல் ஸ்டாக். அங்கே நான் இப்படித்தான் செய்கிறேன்.

#9 சிப்செட்சித்ரா

அட்டவணை மாறாது, அதனால் ஸ்டாட்டிக் போடலாம். பஃபர் மாறும். இரண்டு பிராசஸ்கள் ஒரே நேரத்தில் அதே ஐஓசிடிஎல்லுக்கு வந்தால் இரண்டும் ஒரே 1024 பைட்டில் எழுதும். ஒரே போர்டில் இரண்டு சென்சார் இருந்தால் டிரைவர் ஒன்றுதான், பஃபரும் ஒன்றுதான். லாக் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் அதற்குப் பதில் டிவைஸுக்கு ஒன்றாக ஒதுக்கிவிடலாம்.

ரேம்_மலிவு சொன்ன "விடுவிக்க மறந்தால் லீக்" பற்றி ஒரு வார்த்தை: அது நியாயமான குறை. ஆனால் 6.5-இல் கிளீனப் ஹெடர் வந்துவிட்டது. பாயின்டரை அறிவிக்கும்போதே ஒரு குறி போட்டால், அது ஸ்கோப்பை விட்டு வெளியேறும்போது தானாகவே விடுவிக்கப்படும். சரவணன் 6.6-இல் இருக்கிறார், தாராளமாகப் பயன்படுத்தலாம்.

#10 ஓட்டைதேடி

எல்லாரும் மெஷின் விழுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். விழுந்தால் நல்லது. விழாமல் இருந்தால்தான் என் போன்றவர்களுக்கு வேலை.

2016-இல் கூகுள் புராஜெக்ட் ஜீரோவின் யான் ஹார்ன் காட்டியது இது. ஒரு பிராசஸின் என்விரான்மென்ட்டை ப்ராக் ஃபைல் (பிராசஸ் விவரங்களைக் கெர்னல் ஃபைலாகக் காட்டுவது) வழியாகப் படித்தால், கெர்னல் அந்தப் பிராசஸின் மெமரியைத் தொட வேண்டும். அந்த மெமரி, ஈகிரிப்ட்எஃப்எஸ் (வேறு ஃபைல் சிஸ்டம் மேல் உட்கார்ந்து என்கிரிப்ட் செய்வது) ஃபைல் ஒன்றின் எம்மேப்பாக (ஃபைலையே மெமரியாகக் காட்டுவது) இருந்து, அந்த ஃபைலின் அடியில் இன்னொரு பிராசஸின் ப்ராக் ஃபைல் இருந்தால்? பேஜ் ஃபால்ட், ஃபைல் சிஸ்டம், ப்ராக், மறுபடி பேஜ் ஃபால்ட். தாக்குபவர் எத்தனை பிராசஸ் வைத்திருக்கிறாரோ அத்தனை சுற்று. அதில் ஒரு ஃபங்ஷனைக்கூடத் தனியாகப் பார்த்து யாரும் குறை சொல்ல முடியாது. அப்போது ஸ்டாக்கின் அடியில் த்ரெட் இன்ஃபோ (த்ரெட்டைப் பற்றிய கெர்னலின் குறிப்புகள்) உட்கார்ந்திருந்தது. ஸ்டாக் வழிந்தால் முதலில் அழிவது அதுதான், அதைப் பிடித்தால் ரூட். ப்ராக் மேல் வேறு ஃபைல் சிஸ்டத்தை அடுக்க முடியாதபடி செய்து அடைத்தார்கள்.

அதே வருஷம் டிசம்பரில் வந்த 4.9-இல் ஆண்டி லூட்டோமிர்ஸ்கியின் வேலையால் எக்ஸ்86-இல் ஸ்டாக்கை விமேப் பகுதியிலிருந்து (சிதறிய பேஜ்களை அடுத்தடுத்த முகவரிகளாகக் காட்டும் இடம்) ஒதுக்க ஆரம்பித்தார்கள். பக்கத்தில் மேப் செய்யாத காவல் பேஜ். வழிந்தால் அடுத்தவன் மெமரியைச் சத்தமில்லாமல் கெடுக்காது, அந்த இடத்திலேயே பிடிபடும். த்ரெட் இன்ஃபோவும் ஸ்டாக்கை விட்டு வெளியேறியது. ஆர்ம்64-க்கு 4.14-இல் வந்தது. சரவணன், உங்கள் கான்ஃபிக்கில் அது அணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிப்போடு வரும் கெர்னல்களில் "ஏதோ கிராஷ் ஆகிறது" என்று அதை அணைத்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, ஓட்டத்தில் நீளம் தீர்மானிக்கப்படும் லோக்கல் அரேக்கள். நீளம் யூசர் கொடுக்கும் எண்ணிலிருந்து வந்தால் ஸ்டாக் பாயின்டர் காவல் பேஜையே ஒரே எட்டில் தாண்டிவிடும். கீஸ் குக் முன்னின்று, பல பேர் சேர்ந்து 2018 முழுக்க அவற்றைக் களைந்தார்கள். 4.20-இலிருந்து கெர்னலில் அவற்றுக்கு எச்சரிக்கை நிரந்தரம். ஃப்ரேம் வார்ன் எண்ணால் இவற்றைச் சரியாகக் கணக்கிட முடியாது என்பதால் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

#11 பிளாக்லேயர்_பாலா

அளப்பது எப்படி என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பில்டு செய்தபின் "மேக் செக்-ஸ்டாக்" ஓட்டினால் பெரிய ஃப்ரேம்கள் வரிசையாக வரும். ஜிசிசியின் ஸ்டாக் யூசேஜ் விருப்பம் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அளவை ஃபைலில் எழுதும், அளவு நிலையானதா ஓட்டத்தில் மாறுவதா என்பதையும் சொல்லும். ஆனால் கெர்னலில் பாதிக் கால்கள் ஃபங்ஷன் பாயின்டர் வழியாகப் போகின்றன. யார் யாரைக் கூப்பிடுகிறார் என்று ஸ்டாட்டிக்காகக் கண்டுபிடிக்க முடியாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு எஃப்டிரேஸில் (கெர்னலின் டிரேசிங் வசதி) ஸ்டாக் டிரேசர் இருக்கிறது. கான்ஃபிக்கில் போட்டு, ப்ராக் வழியாக இயக்கிவிட்டு, உங்கள் டெஸ்ட்டை ஓட்டுங்கள். இதுவரை கண்ட மிக ஆழமான கால் வரிசையையும், அதில் ஒவ்வொரு ஃபங்ஷனும் எடுத்த பைட்டையும் பட்டியலாகத் தரும். முக்கியம்: சும்மா இருக்கும் போர்டில் அளக்காதீர்கள். மெமரியை நெருக்கிவிட்டு அளங்கள். ஸ்வாப் ஓடாத நேரத்தில் எந்த ஸ்டாக்கும் நல்ல பிள்ளைதான்.

#12 சென்சார்_சரவணன்

மாற்றிவிட்டேன். அட்டவணைக்கு ஸ்டாட்டிக், மூன்று கேஸும் தனி ஃபங்ஷன்கள், பஃபர் கே-மல்லாக்கில். ஐஓசிடிஎல் ஃப்ரேம் இப்போது 112 பைட். ஓட்டைதேடி சொன்னது சரி: விமேப் ஸ்டாக் அணைத்துத்தான் வைக்கப்பட்டிருந்தது. போட்டுப் பார்த்தேன், இந்த டிரைவர் நன்றாக ஓடுகிறது, அதே போர்டின் வேறொரு டிரைவர் பூட்டிலேயே விழுகிறது.

இப்போது ஒரு கேள்வி. பஃபரை ஒவ்வொரு ஐஓசிடிஎல்லிலும் ஒதுக்குவதா, ப்ரோபில் (டிரைவர் டிவைஸோடு இணையும்போது ஓடும் ஃபங்ஷன்) ஒருமுறை ஒதுக்கி வைத்துக்கொள்வதா? மூத்தவர் இரண்டாவதைச் சொல்கிறார், டிரைவரின் பிரைவேட் ஸ்ட்ரக்ட்டுக்குள்ளேயே 1024 பைட் அரேயாக.

#13 ரேம்_மலிவு

சரி, உங்கள் வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2024-இல் பாஷா டாடாஷின் அனுப்பிய டைனமிக் ஸ்டாக் பேட்ச்களைப் பார்த்தீர்களா? விமேப் இருப்பதால் 16 கேபிக்கும் முகவரி மட்டும் ஒதுக்கி, பேஜை வேண்டும்போது ஃபால்ட்டில் கொடுப்பது. மெமரியும் மிச்சம், ஆழமும் கிடைக்கும்.

#14 பழையபெஞ்சு

யோசனை நல்லது. ஆனால் எக்ஸ்86-இல் ஸ்டாக்கே இல்லாதபோது வரும் பேஜ் ஃபால்ட் எந்த ஸ்டாக்கில் ஓடும்? டபுள் ஃபால்ட்டில் (ஒரு ஃபால்ட்டைக் கையாளப் போகும்போதே வரும் இன்னொரு ஃபால்ட்) போய் விழும், அதிலிருந்து திரும்பி வந்து தொடர்வதற்கு இன்டெல் உத்தரவாதம் தருவதில்லை. அங்கேதான் ஹார்டுவேர் தெரிந்தவர்கள் மறித்தார்கள். அது ஒருநாள் வந்தாலும் நோக்கம் மெமரியைச் சேமிப்பதுதான், நம் டிரைவர்களுக்குச் செலவழிக்க உரிமை கொடுப்பதல்ல.

#15 டிஎம்ஏ_தேவி

சரவணன், பிரைவேட் ஸ்ட்ரக்ட்டுக்குள் அரேயாக வைப்பது டிஎம்ஏவுக்குப் போகும் பஃபர் என்றால் ஆபத்து. உங்கள் ஆர்ம் போர்டில் கேச் ஒத்திசைவு இல்லாத டிஎம்ஏ இருந்தால், பஃபரின் முனையும் பக்கத்து ஃபீல்டும் ஒரே கேச் லைனில் விழும். டிஎம்ஏ நடக்கும்போது சிபியு அந்த ஃபீல்டில் எழுதினால் இரண்டில் ஒன்று கெடும். தனியாகக் கே-மல்லாக் செய்து பாயின்டரை மட்டும் ஸ்ட்ரக்ட்டில் வையுங்கள், அலைன்மென்ட்டை அது பார்த்துக்கொள்ளும்.

சித்ரா அக்கா #4-இல் சொன்ன விதியில் ஒரு திருத்தம்: யூஎஸ்பி, எஸ்பிஐ பஸ்களுக்கு அது அப்படியே பொருந்தும். ஐ2சியில், டிஎம்ஏவுக்குப் பாதுகாப்பானது என்று மெசேஜில் நீங்களாகக் கொடி காட்டாத வரை, பாதுகாப்பற்றது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். டிஎம்ஏ வேண்டும் என்கிற பஸ் டிரைவர் நகல் பஃபர் வழியாகப் போகும். அதனால் உங்கள் சென்சார் டிரைவர் ஸ்டாக் பஃபரோடும் தப்பித்திருக்கும். பூட்டில் விழும் இன்னொரு டிரைவர் எந்த பஸ்ஸில் இருக்கிறது?

ப்ரோபா ஐஓசிடிஎல்லா என்றால், ஃபர்ம்வேர் ஏற்றுவது எப்போதோ ஒருமுறைதான். அதற்காக 1 கேபியை நிரந்தரமாகப் பிடித்துவைக்க வேண்டாம், ஐஓசிடிஎல்லிலேயே ஒதுக்கி விடுவியுங்கள். ஸ்லீப்பிலிருந்து எழும்போதும் அதே ஃபர்ம்வேரை ஏற்றுகிறீர்கள் என்றால் மட்டும் ப்ரோபில் ஒதுக்குங்கள், ரெஸ்யூம் நேரத்தில் மெமரி கிடைக்கவில்லை என்று கேமரா எழாமல் போகக் கூடாது.

#16 சென்சார்_சரவணன்

எஸ்பிஐ. டச் கன்ட்ரோலர். ரீட் ஃபங்ஷனில் 64 பைட் லோக்கல் அரேயை நேரே டிரான்ஸ்ஃபருக்குக் கொடுக்கிறது, அதாவது ஸ்டாக்கில் இருக்கும் பஃபரை. ஃப்ரேம் வார்ன் அதற்கு எச்சரிக்கையே தரவில்லை. ரெஸ்யூமிலும் ஃபர்ம்வேர் ஏற்றுகிறோம், அதனால் கேமரா பஃபரைப் ப்ரோபுக்கே கொண்டுபோகிறேன். டச் டிரைவருக்குத் தனி இழை திறக்கிறேன்.